கப்பலக்காவின் ‘நாம’

கப்பலில் ஏறியவுடன் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடக் கூடாது என்பதில் கப்பலக்கா மிகவும் கண்டிப்பானவர்.

“எல்லாரும் அங்கதான் ஓடுவாங்க. தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்குறதுக்கா நாம இவ்வளவு தூரம் வந்தோம்? நாம நேரா மேல்தளத்துக்குப் போயிடணும். அந்த நேரத்துல அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. நல்ல நாற்காலியா பாத்து உக்காந்து, துறைமுகத்த ஒரு தடவ நிதானமா பாத்துட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு இறங்கினோம்னா சாப்பாடும் சூடா இருக்கும், கூடமும் காலியா இருக்கும்.”

இதைச் சொல்லும்போது அவர் கண்கள் லேசாகச் சுருங்கும், முகத்தில் கடல் வெயில் படுவதுபோல. உண்மையில் பட்டது எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் மோதித் திரும்பிய வெயில்.

அவர் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில். மூன்று மேசை. ஒன்று விமானத்துக்கு, ஒன்று பஸ்ஸுக்கும் ரயிலுக்கும், ஜன்னலோர மேசை கப்பலுக்கு. பதினெட்டு ஆண்டுகளாக ஜன்னலோரம் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. முதலாளி முதல் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் கப்பலக்கா.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கப்பலின் தள வரைபடம் இருந்தது. பதினோரு தளம், ஒவ்வொன்றும் சீப்பின் பற்களைப்போல வரிசையான அறைகளோடு. மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகு அக்காவின் ஆள்காட்டி விரல் அதில் உலாவக் கிளம்பும். ஐந்தாம் தளத்தில் படியேறும், ஏழாம் தளத்து நூலகத்தைச் சுற்றிப் போகும், பின்பக்கத் திறந்தவெளிக்கு வந்து அங்கே அப்படியே நின்றுவிடும். விரல் நின்ற இடத்தில் காற்று அடிக்கும். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால், மூன்றாவது மணிக்குத்தான் அது எந்த உலகத்தில் அடிக்கிறது என்று அவருக்கு உறைக்கும்.

இப்போது சொல்லிவிடுவது நல்லது: கப்பலக்கா கப்பலில் கால் வைத்ததே இல்லை.

கடல் பயணத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் காது வழியாக வந்தது. போய்விட்டுத் திரும்புகிறவர்கள் படம் காட்டுவதற்காக மாடி ஏறி வருவார்கள். அக்கா படங்களை மரியாதைக்குப் பார்ப்பார். பிறகு எல்லாரிடமும் ஒரே கேள்வி: “மறுபடியும் போறீங்கன்னு வைங்க. எத மாத்திச் செய்வீங்க?” கேட்கப்பட்டவர் கொஞ்சம் யோசிப்பார், ஏதோ ஒன்று சொல்வார். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும், மருந்தையும் மாற்று உடையையும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்பார் ஒருவர். அறைச் சுவரெல்லாம் இரும்பு, நாலு காந்தம் கொண்டுபோனால் துணி மாட்டலாம் என்பார் இன்னொருவர். குளிர்சாதனத்துக்குப் பயந்து ஒரு கம்பளிச் சட்டை. கைப்பேசியை விமான நிலையில் வைக்காவிட்டால் வீட்டுக்கு வந்து கட்டணத்தைப் பார்த்து அழ வேண்டும். இப்படி ஆளுக்கொன்றாகச் சேர்ந்து, கடைசியில் இரண்டு பக்கத் தட்டச்சுத் தாள் ஆயிற்று. தலைப்பு: ‘கப்பலில் நாம்’.

இந்த ‘நாம்’தான் எல்லா வினையும் செய்தது.

நம் மொழியில் ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவரைக் கழித்துவிட்டு மற்றவர்கள். ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. உள்ளே இழுத்துப் போடும் சொல் என்பதால் பொறுப்புள்ளவர்கள் எல்லாருக்கும் அது பிடிக்கும். “நாம ஒரு ஊசி போட்டுக்கலாமா?” என்று மருத்துவர் கேட்பார், வலி ஒருவருக்குத்தான். அக்காவும் அந்த வகைதான். “நான் போயிருக்கேன்” என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “நாம போகும்போது” என்பார். கேட்டவர்கள் அவரையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். எத்தனை தடவை போயிருக்கிறீர்கள் என்று பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பொய் சொல்ல முடியாது. அக்கா மனச்சாட்சிக்கு இது போதுமானதாக இருந்தது.

ஏன் போகவில்லை என்றால், முதலாளி இரண்டு முறை அனுப்பப் பார்த்தார். முதல் முறை மகளுக்குப் பரீட்சை. இரண்டாவது முறை பரீட்சை எதுவும் இல்லை. அக்காவே ஒன்றைக் கண்டுபிடித்தார். பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்தாலே அவருக்குக் குமட்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. விரலால் அவ்வளவு நாள் நடந்த கப்பலில் காலால் நடந்து, அது வேறு கப்பலாக இருந்துவிட்டால்?

அந்த நிலையில்தான் தையலம்மா மாடி ஏறி வந்தார்.

வயது அறுபத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தையல் கடையை நாற்பது வருஷம் நடத்தி, அந்த மாதம்தான் அதைக் கைமாற்றலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார். தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு என்று அவரிடம் ஒரு வாடிக்கையாளர் சொன்னபோது, “அப்ப ஆம்பள டெய்லர் எங்க போவான்?” என்று கேட்டவர். சொன்ன சொல்லை அளவு நாடாபோல நீட்டிப் பிடித்துப் பார்க்கிற ஆள்.

“நாப்பது வருஷம் சுவத்தப் பாத்து மிஷின் மிதிச்சேன்மா,” என்றார். “மிஷின் அப்படித்தான் போட்டிருந்தேன். வெளிச்சம் முதுகுப் பக்கம். இப்ப சுவரே இல்லாத ஒரு எடத்த அஞ்சு நாளு பாக்கணும். ஆனா எனக்கு வழி தெரியாது. நாலு தெரு தாண்டினா திரும்பி வரத் தெரியாது. கப்பல்ல தொலைஞ்சு போயிட்டா?”

“கப்பல்ல எங்கம்மா தொலைவீங்க? அது தண்ணிக்கு நடுவுல இருக்கு,” என்று அக்கா சிரித்தார். “ஆனா தாழ்வாரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அது நெசம். அதனால நாம முதல் நாளே அறையிலேருந்து படிக்கட்டு வரைக்கும் ரெண்டு தடவ நடந்து பாத்துக்கணும். லிஃப்டுல போகக் கூடாது. லிஃப்டுல போனா வழி மனசுல நிக்காது.”

“சரி.”

“அறை நடுவுல, கீழ்த்தளமா எடுத்துக்குவோம். அங்க ஆட்டம் கம்மி.”

“சரி. எடுத்துக்குவோம்.”

தையலம்மா மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அக்கா வழக்கத்தைவிட அழகாகப் பேசினார். கேட்கிறவர் அப்படிக் கேட்டார்: கையை மடியில் வைத்து, வாயை லேசாகத் திறந்து. அலுவலகத்துக்குள் மெல்லத் தண்ணீர் ஏறுவதுபோல இருந்தது. விமான மேசைக்காரர் அடையாள அட்டைகளைப் பிரதி எடுத்துக்கொண்டே காதைத் தீட்டினார்.

நான்காவது முறை தையலம்மா கைப்பையிலிருந்து இரண்டு புகைப்படங்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது என்னோடது. உன்னோடது ரெண்டு எடுத்து வை.”

“என்னோடதா? எதுக்கும்மா?”

“டிக்கெட்டுக்கு. ஒத்த ஆளா போனாலும் ரெண்டு பேர் அறைதான்னு நீதானே சொன்ன? அதான் நாம ரெண்டு பேருக்கும் சேத்தே போட்டுடச் சொல்லிட்டேன். உங்க முதலாளிகிட்டயும் சொல்லியாச்சு. லீவு தர்றேன்னுட்டாரு.”

“அம்மா, நான் வர்றேன்னு...”

“நாம போகும்போது, நாம போகும்போதுன்னு மூணு வாரமா சொன்னியே. பின்ன நீ வராம நாம எப்படி ஆகும்?” தையலம்மா குரலைத் தாழ்த்தினார். “நீ கூட இருக்கேங்கிற தைரியத்துலதான் கடையையே கொடுத்தேன். இல்லன்னா எனக்கு இதெல்லாம் எதுக்கு?”

அந்த இடத்தில் அக்கா உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து முதலாளி முகம் மலரத் தலையாட்டினார். விமான மேசைக்காரர் கைதட்டினார். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா, “கம்பளிச் சட்டை எடுத்துக்குங்கம்மா,” என்றார்.

வீட்டில் அவர் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தினமும் மேலும் கீழும் போய் வருவது தவிர வேறு பயணம் அறியாதவர். செய்தியைக் கேட்டுக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“போயிட்டு வா. பதினெட்டு வருஷமா வாயாலயே போயிட்டு வர்ற. கால் என்ன பாவம் செஞ்சுது?”

“சிரிக்காதீங்க. நான் போனதே இல்லன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“அம்மா, நீ ஒன்னும் பேசாம முன்னாடி நட,” என்றாள் மகள். “முன்னாடி நடக்கிறவங்களுக்குத்தான் வழி தெரியும்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க.”

அக்கா அப்படியே செய்தார். அதிசயம் என்னவென்றால், அது பலித்தது.

கப்பல் வெள்ளையாக, ஒரு தெருவைத் தூக்கி நிறுத்தியதுபோல நின்றது. உள்ளே போனதும் அக்காவின் கால்கள் தாமாகத் திரும்பின. இடப்பக்கம் படிக்கட்டு இருந்தது. ஏழாம் தளத்தில் நூலகம் இருந்தது. அதைச் சுற்றிப் போனால் பின்பக்கத் திறந்தவெளி, அதுவும் இருந்தது. விரலுக்குத் தெரிந்த வீட்டில் ஆள் குடிபுகுந்ததுபோல அவர் நடந்தார். ஆனால் யாரும் அவரிடம் சொல்லாத சில விஷயங்களும் இருந்தன. உள்ளங்காலில் ஒரு முனகல் ஓயாமல் இருந்தது, பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல. புதுக் கம்பளமும் எண்ணெயும் உப்பும் கலந்த ஒரு மணம். மேல்தளத்தில் உண்மையிலேயே ஒருவரும் இல்லை. இருவரும் நாற்காலியில் சாய்ந்து துறைமுகத்தைப் பார்த்தார்கள். பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதுபோல மெதுவாகத் தலை அசைத்தன.

“நீ சொன்னது அப்படியே இருக்கு,” என்றார் தையலம்மா. அக்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது. கர்வமா பயமா என்று அவராலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அறைக்குப் போனதும் தையலம்மா ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து, ‘கப்பலில் நாம்’ தாளை இரும்புச் சுவரில் கண் உயரத்துக்கு ஒட்டினார். பிறகு கப்பல் கிளம்பியது. கிளம்பிய இரண்டாவது மணி நேரத்தில் கப்பலக்கா விழுந்தார்.

நடுவில், கீழ்த்தளத்தில், ஆட்டம் கம்மியான அறையில், கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வயிற்றில் இருந்தது மட்டும் அல்ல, பதினெட்டு வருஷத்துப் படிப்பும் வெளியே வந்துவிட்டதுபோல இருந்தது. தையலம்மாவோ கல்லுப்போல இருந்தார். நாற்பது வருஷம் மிதி இயந்திரத்தில் ஆடிய உடம்புக்குக் கடல் ஒரு பொருட்டாக இல்லை. மறுநாள் காலை ஒரு பச்சை ஆப்பிளோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துத் தாளைப் படித்தார்.

“‘நாம் இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும்.’ அடக்கிக்கிட்டியா?”

“ம்.”

“‘நாம் தொலைவில் உள்ள கோட்டைப் பார்க்க வேண்டும்.’ எந்தக் கோடு?”

“வானமும் தண்ணியும் சேர்ற எடம்.”

“ஜன்னல்ல தெரியுதே. பாத்தியா?”

“அதுவும் ஆடுதும்மா.”

தையலம்மா தாளிலிருந்து அக்கா பக்கம் திரும்பினார். “சரி, போன தடவையெல்லாம் என்ன செஞ்ச?”

பதினெட்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி, கடைசியில் வந்தேவிட்டது. பொய் சொல்ல உடம்பில் தெம்பு வேண்டும். அக்காவிடம் அது இல்லை.

“போன தடவன்னு ஒன்னு இல்லம்மா.”

“என்ன?”

“நான் கப்பல்ல ஏறினதே இல்ல. இதுதான் முதல் தடவ. எல்லாம் போனவங்க சொன்னது.”

“நாமன்னு சொன்னியே.”

“அது சும்மா பேச்சு வழக்கும்மா.”

“பேச்சு வழக்கா?” தையலம்மா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை, அவர் குரல் உயராதபோதுதான் கடைப்பெண்கள் பயப்படுவார்கள். “என்கிட்ட ஒருத்தி முப்பத்தாறுன்னு சொன்னா நான் முப்பத்தாறுக்குத்தான் வெட்டுவேன். வெட்டினதுக்கு அப்புறம் வந்து, அது சும்மா பேச்சு வழக்கும்பாளா? நான் துணிய வெட்டிட்டேன்மா. கடையக் கொடுத்துட்டேன். வழி தெரியாதவ, வழி தெரிஞ்சவளத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் பேசவில்லை. சுவரில் இருந்த தாளையும் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் அக்காவுக்குத் தேவலை. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் எதிரே ‘நாம்’ ஆடிக்கொண்டே நின்றது. வாழ்நாள் முழுக்கச் சுவரைப் பார்த்த ஒருவருக்கு ஆசை காட்டி அழைத்துவந்துவிட்டு, இப்போது தான் சுவரைப் பார்த்துக் கிடப்பது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்த அம்மாவின் ஒரே பயணம். அதை இப்படிக் கெடுத்தாயிற்று.

மூன்றாம் நாள் காலை கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. ஆட்டமும் நின்றது. உலகம் திடீரென்று தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. தையலம்மா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“நான் இறங்கி ஊரப் பாத்துட்டு வர்றேன்,” என்றார். ‘நாம’ வர வேண்டிய இடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் ‘நான்’.

ஜன்னலுக்கு வெளியே துறைமுக மணிக்கூண்டு தெரிந்தது. அறைக் கடிகாரத்தில் ஒன்பது, கூண்டில் எட்டு.

“அம்மா, ஒன்னே ஒன்னு,” என்றார் அக்கா படுத்தபடி. “கடிகாரத்த ஊர் மணிக்கு மாத்தாதீங்க. கப்பல் அதோட மணிக்குத்தான் கிளம்பும். மூணரைக்குப் படிய எடுத்துடுவாங்க.”

“இதுவும் நாம போனப்ப கத்துக்கிட்டதா?”

தையலம்மா அக்காவின் கண்ணுக்கு முன்னாலேயே கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளை நிதானமாக ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அக்கா குளித்தார். ரொட்டியும் சூப்பும் உள்ளே போய், போன இடத்திலேயே தங்கின. ஆள் இல்லாத கப்பலில் சுற்றினார். நடைகூடம் முழுக்க வெயில் நீள நீளமாகக் கிடந்தது. யாரோ எங்கோ பியானோவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகினார்கள். இதைத்தான் பதினெட்டு வருஷம் கனவு கண்டார். இப்போது கண் முன்னால் கிடந்தது, பார்க்கத்தான் முடியவில்லை. பார்வை ஓயாமல் சுவர்க் கடிகாரத்துக்கே போயிற்று. ஒன்று. ஒன்றரை. இரண்டு. பயணிகள் பைகளோடு திரும்பத் தொடங்கினார்கள். வாசலில் அட்டையைத் தேய்க்கும் ‘டிங்’ சத்தம் ஒவ்வொன்றுக்கும் அவர் எட்டிப் பார்த்தார். நாலு தெரு தாண்டினால் திரும்பி வரத் தெரியாதவர், கையில் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும் கடிகாரம்.

இரண்டேகாலுக்கு அக்கா படியில் இறங்கினார்.

அந்த ஊரில் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறார். வாசலைத் தாண்டினதும் வாடகை வண்டிக்காரர்கள் மொய்ப்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லாமல் இடப்பக்கம் நட. இரண்டாவது வளைவுக்குள் துணிக்கடைத் தெரு, விலை மலிவு என்று ஒருவர் சொல்லியிருந்தார். நினைவு வைத்திருந்தது வீண் போகவில்லை. வளைவு இருந்தது. தெரு இருந்தது. இருபுறமும் துணிச்சுருள்கள் நிறம் நிறமாகச் சாய்ந்து நின்றன. தூசியில் வெயில் மிதந்தது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெத்தென்று இருந்தது. அந்த மெத்தென்ற அமைதிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது: டகடகடகடக.

சின்னத் தையல் கடை. கடைக்காரப் பெண் வாயில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அவள் இயந்திரத்தில், சுவரைப் பார்த்து, முதுகில் வெளிச்சம் விழ, தையலம்மா உட்கார்ந்து ஒரு சட்டைக் கழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“நாப்பது வருஷம் பாத்த சுவரு பத்தலையா?” என்றார் அக்கா. ஓடி வந்த மூச்சில் குரல் கீச்சென்று வந்தது.

தையலம்மா திரும்பினார். பிடிபட்ட முகம். “இந்தப் பொண்ணு கழுத்த இழுத்துத் தைக்குறா. பாத்துக்கிட்டு எப்படிப் போறது? பாஷையும் தெரியல, செஞ்சுதான் காட்டணும்.” கடிகாரத்தைப் பார்த்தார். “என்ன அவசரம்? இன்னும் ஒன்னே முக்கால்தான்.”

“உங்க கையில ஒன்னே முக்கால். கப்பல்ல ரெண்டே முக்கால். இன்னும் முக்கா மணிதான் இருக்கு. நடந்தே அர மணி ஆகும்.”

தையலம்மா அக்காவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எழுந்தார்.

இருவரும் வேகமாக நடந்தார்கள். பாதி தூரத்தில் தையலம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “யாரு?”

“யாரும்மா?”

“இந்த மணி விஷயத்தச் சொன்னது யாரு? ஆள் உண்டா, நீயா கட்டினதா?”

“உண்டு. தபால் ஆபீஸ்ல பெரிய வேலையில இருந்தவரு. ஊர் மணிய நம்பி நின்னுட்டாரு. கப்பல் போறத கரையில நின்னு பாத்தாராம். அவரு பெண்டாட்டி கப்பல்லேருந்து கை காட்டினாங்களாம்.”

“அழுதாளா?”

“அவரு அழுதாரு. அந்தம்மா மீதி நாலு நாளு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்க.”

தையலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தோடு சிரிப்பதும் வேகமாக நடப்பதும் ஒன்றாக முடியாது. விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார். மூன்று இருபத்தைந்துக்கு அட்டையைத் தேய்த்தார்கள். டிங். டிங். அவர்களுக்குப் பின்னால் படிச் சங்கிலியை மாட்டிவிட்டார்கள்.

கப்பல் கிளம்பியபோது இருவரும் ஏழாம் தளத்துப் பின்பக்கத் திறந்தவெளியில் இருந்தார்கள். தையலம்மாதான் வழி காட்டி அழைத்துப் போனார்; இரண்டு நாள் தனியாகச் சுற்றியதில் அவருக்கு எல்லா மூலையும் அத்துப்படி ஆகியிருந்தது. கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். சுவரிலிருந்து எடுத்து மடித்து வைத்திருக்கிறார்; எப்போது என்று தெரியவில்லை. தையல்காரர்கள் துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டி ஒன்றையும் எடுத்தார்.

“முதல்லேருந்து சொல்லு. இந்தக் கைப்பையில மருந்து. இது யாரு?”

“பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறவரு. சர்க்கரை வியாதி. பெட்டி வர்றதுக்குள்ள மயங்கிட்டாரு.”

“காந்தம்?”

“ரெண்டு கைக்குழந்தையோட போன ஒரு தாய். ஈரத் துணிக்கு எடம் தேடி.”

“ஏறினதும் மேல போகணும்னது?”

“கண்ணு தெரியாத ஒருத்தரு. கூட்டத்துல இடிபடாம இருக்க நேரா மேல போயிட்டாராம். துறைமுகம் மாதிரி சத்தம் உலகத்துலயே இல்லன்னாரு.”

தையலம்மா தலையை ஆட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். “நடுவுல கீழ அறை, ஆட்டம் இருக்காது. இது?”

“லாரி ஓட்டுறவரு.”

“அதான பாத்தேன். அவன் லாரியில ஆடுறவன். அவனுக்கு ஆட்டம்னா என்ன தெரியும்?” அதன் குறுக்கே பட்டென்று ஒரு கோடு விழுந்தது. “இத மாத்து. ஆடுறவங்களுக்கு அறை எதுக்கு? வெளிய வந்து காத்துல உக்காரட்டும்னு எழுது. இப்ப உனக்கு எப்படி இருக்கு?”

அக்கா யோசித்துப் பார்த்தார். கரை தொலைவில் ஒரு துணி ஓரம்போல மெலிந்துகொண்டிருந்தது. கப்பல் தனக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பாதையை உதறி விரித்துக்கொண்டே போயிற்று. அதைப் பார்த்தால் குமட்டவில்லை. தான் எதையும் விட்டுப் பிரியவில்லை, எல்லாம் தன்னை விட்டு மெல்ல நழுவுகிறது என்று தோன்றியது. அதில் ஒரு சுகம் இருந்தது. “தேவல,” என்றார்.

“மொத்தம் எத்தன பேரு?”

“எண்ணினதில்லம்மா. எரநூறு முன்னூறு இருக்கும்.”

“ஏண்டி, அப்ப அத்தன பேரும் நம்ம அறையிலதான் படுத்திருக்காங்களா? நான் என்னமோ ஒத்த ஆளக் கூட்டிக்கிட்டு வந்தேன்னு நினைச்சேன்.” தையலம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டார். அவர் ‘ஏண்டி’ என்றது முதல் தடவை. “கோபம் போயிடுச்சுன்னு நினைக்காத. கொஞ்சம் இருக்கு. ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கும். மேல சொல்லு. கம்பளிச் சட்டை யாரு?”

அக்கா சொன்னார். நூலகத்தில் வேலை பார்த்தவர், குளிரில் மூன்று நாள் போர்வையைச் சுற்றிக்கொண்டே சாப்பிட வந்தவர். அதற்கடுத்தவரைச் சொன்னார். அதற்கும் அடுத்தவரைச் சொல்லத் தொடங்கி, இரண்டாவது வார்த்தைக்கும் மூன்றாவது வார்த்தைக்கும் நடுவே நிறுத்தினார். தையலம்மா நீலச் சாக்கட்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். வார்த்தை வரவில்லை. எட்டிப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்து, கை நாற்காலிக்கு வெளியே தொங்க, கப்பலக்கா தூங்கிப்போயிருந்தார். மூன்று நாளில் இதுதான் அவருக்கு முதல் நல்ல தூக்கம். மாலை வெயில் நெற்றியில் ஏறி இறங்கியது.

பணியாள் தட்டோடு வந்து, இரண்டு பேருக்கும் தேநீரா என்று சைகையில் கேட்டான். தையலம்மா தூங்குகிறவரைப் பார்த்தார். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் கால்மேல் போட்டார்.

“ரெண்டும் வை,” என்றார், அவனுக்குப் புரியுமா என்று கவலைப்படாமல். “எழுந்தா குடிப்பா. ஆறிப்போச்சுன்னா நானே குடிச்சுடுவேன்.”